புயல் அட்டையின் முதுகு

சுண்டுவுக்கு வேலை ஸ்கேன் சென்டரில். வருகிறவர்களைப் படுக்கவைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க... ஆடாதீங்க... இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தைகள் அவனுக்குள் ஊறிப்போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசைமேல் இரவல் வாங்கிவந்த ஒரு காகித ஸ்கேனரை வைத்து, அதன் கண்ணாடியில் கப்பல் படம் போட்ட ஒரு பழைய அட்டை வில்லையைக் கவிழ்த்தபோதும் வாய் தன்னால், "ஆடாதீங்க" என்றது.

"அட்டை எங்கேயும் ஓடாதுங்க," என்றாள் மனைவி. "ஆனா நான் மதியச் சாப்பாட்டை எங்க வைக்கிறது?"

சுண்டு என்ற பெயருக்கும் அவனுக்கும் இப்போது எந்தச் சம்பந்தமும் கிடையாது. பெல்ட்டின் கடைசி ஓட்டையும் போதாமல் ஆணியைச் சுட்டு இன்னொன்று போட்டுக்கொண்ட ஆள் அவன். ஆனால் பெயர் வைத்தது அக்கா. அக்கா வைத்ததை மாற்றுகிற தைரியம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வேறு.

மேசைமேல் பரப்பிக் கிடந்தது 'ஏழு துறைமுகம்'. மூன்று பிள்ளைகளும் சின்னவர்களாக இருந்தபோது அப்பா வாங்கிவந்த பலகை ஆட்டம். பெட்டியின் நான்கு மூலையும் கிழிந்து, ஒட்டுப்பட்டையும் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. அப்பாவின் உத்தியோகம் ஓர் இடத்தில் நிற்கவிடாது. மாற்றல், மாற்றல், மறுபடி மாற்றல். புது வீட்டில், லாரியிலிருந்து இறக்கிய மூட்டைகளைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, பாத்திரப் பெட்டியின்மேல் இந்தப் பலகை விரிந்துவிடும். புதுப் பள்ளிக்கூடத்தில் ஒருவராவது வந்து பேச்சுக் கொடுக்க எப்படியும் கொஞ்ச நாள் பிடிக்கும். அதுவரை மூவருக்கும் மூவரேதான் ஊர்.

ஆட்டம் எளிது. ஆளுக்கொரு கப்பல். துறைமுகம் துறைமுகமாகச் சரக்கேற்றிக்கொண்டு, ஏழாவதாகச் சொந்தத் துறைமுகத்துக்கு முதலில் வந்து சேர்பவர் ஜெயித்தவர். ஒவ்வொரு முறையும் ஓர் அட்டை எடுத்தே ஆகவேண்டும். நல்ல காற்று வந்தால் ஓடலாம். மூடுபனி வந்தால் நிற்கலாம். கடற்கொள்ளை வந்தால் பாதிச் சரக்கு போகும். புயல் வந்தால் கப்பலே கவிழ்ந்துவிடும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். அட்டைகளை அடுக்கி வைக்கச் சொல்லி விதி இருந்தது. அடுக்கும் தட்டு முதல் வாரமே உடைந்துபோனதால், அவர்கள் வீட்டில் அட்டைகளைக் கடல்மேல் குப்புறப் பரப்பி, பிடித்ததை எடுப்பதே வழக்கம்.

இதில் எப்போதும் ஜெயிப்பவன் சுண்டு. வாழ்க்கையில் அவன் வேறெதிலும் முதலாவதாக வந்தது கிடையாது. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பின்பக்கமாக ஓடியவன். ஆனால் ஏழு துறைமுகத்தில் அவன் கப்பல் கவிழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை. இதைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னான். பிறகு ஸ்கேன் சென்டரில் சொன்னான். ஒருமுறை, உள்ளே போகப் பயந்த நோயாளி ஒருவருக்கு ஆறுதலாகவும் சொன்னான்.

அம்மா போய் ஒரு வருடமாகிறது. அம்மாதான் அந்த வீட்டுத் தொலைபேசி நிலையம். அக்காவுக்கு முழங்கால் வலி என்பது அம்மா வழியாகத்தான் அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் மகன் வேலை மாறியது அம்மா வழியாகத்தான் சுண்டுவுக்குத் தெரியும். அம்மா போன பிறகுதான், தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளத் தெரியாது என்பது மூவருக்கும் புரிந்தது. "சாப்பிட்டியா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு. வேற?" "வேற ஒண்ணுமில்ல." அந்த 'வேற'வுக்குப் பிறகு வரும் மௌனம் சுண்டுவுக்குத் தாங்கவில்லை. போன மாதம் அண்ணனோடு பேசியபோது, 'வேற'கூட வராமல், "சரி" என்று முடிந்துவிட்டது.

அண்ணன் இருப்பது கடல் தாண்டி. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வை. நாளெல்லாம் மேலும் கீழும் போய்வருகிறவன். பேச்சு மட்டும் தரைத்தளத்தை விட்டு ஏறாது.

சென்டரில் ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர்தான் வழி சொன்னார். கணினியில் ஒரு விளையாட்டு மேசை இருக்கிறதாம். நம் பலகையையும் வில்லைகளையும் அட்டைகளையும் படமெடுத்து அதில் ஏற்றிவிட்டால், அவரவர் வீட்டிலிருந்தே ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடலாமாம். சுண்டு உடனே அக்காவைக் கூப்பிட்டான். அவள் "சரிடா" என்றாள். அண்ணன், "ஒரு தடவ பார்க்கலாம்" என்றான். ஒரு தடவை. அதில் அவனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டால் வாராவாரம் வருவான். இல்லாவிட்டால் மறுபடியும் அந்த "சரி"தான்.

ஆகவேதான் இந்த ஞாயிற்றுக்கிழமை மும்முரம்.

வேலை அவன் நினைத்த மாதிரி லேசாக இல்லை. வில்லைகள் கனத்த அட்டை. ஸ்கேனர் மூடியை மூடினால் அது தூக்கிக்கொண்டு ஓரமெல்லாம் நிழல் அடித்தது. மூடியைத் திறந்தே வைத்து, மனைவியின் கறுப்புச் சால்வையைப் போர்த்தி, அதன்மேல் ஓர் அகராதியைத் தூக்கி வைத்தான். பின்னால் கறுப்பு இருந்தால்தான் வட்டத்தின் விளிம்பைப் பிசிறில்லாமல் வெட்ட முடியும். வெட்டி, வில்லைக்கு வெளியே உள்ளதை அழித்து, கோணலாக விழுந்ததை நிமிர்த்தி, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்துச் சேமித்தான். தொலைந்துபோன வில்லைகளுக்குப் பதிலாகக் காலப்போக்கில் பெட்டியில் குடியேறியவையும் இருந்தன: ஒரு சட்டைப் பொத்தான், பேனா மூடி, மாத்திரைப் பட்டையில் வெட்டிய ஒரு துண்டு. அவற்றையும் விடவில்லை. பொத்தான் நான்கு கண்களையும் திறந்து அழகாகப் படமெடுத்துக்கொண்டது.

அட்டைகளில்தான் அவன் தன் தொழில்திறமை முழுவதையும் காட்டினான். படத்தில் புள்ளி என்றால் அவன் தொழிலில் கெட்ட சேதி. நிழலோ கோடோ கண்ணில் பட்டால் கை துறுதுறுக்கும். அட்டைகளின் முகத்தில் இருந்த கறை, கீறல், எண்ணெய் விரல் எல்லாவற்றையும் திரையில் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தான். முதுகுப் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே படம், நீல அலைமேல் ஒரு நங்கூரம். கணினி மேசையும் 'முதுகுக்கு ஒரு படம் போதும்' என்றுதான் கேட்டது. இருப்பதில் சுத்தமான முதுகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்த ஓரிரு புள்ளிகளையும் நீக்கி, எல்லா அட்டைக்கும் அதையே போர்த்திவிட்டான்.

"எப்படி? கடையில புதுசா வாங்கினது மாதிரி இல்ல?"

மனைவி குனிந்து பார்த்தாள். "ஆமா. கடையில வாங்கினது மாதிரியேதான் இருக்கு." அது பாராட்டு இல்லை என்பது அவனுக்கு அன்று உறைக்கவில்லை.

சாயங்காலம் மூவரும் கூடினார்கள். திரையின் ஓரத்தில் ஆளுக்கொரு சின்னப் படப்பெட்டி. அண்ணன் கம்பெனிச் சட்டையோடு இருந்தான். அக்காவின் பெட்டியில் நெற்றி மட்டும் தெரிந்தது.

"அக்கா, கேமராவைக் கீழ இறக்கு. நெத்திதான் தெரியுது."

"நெத்தியைப் பார்த்து ஆடுடா. முகத்தைப் பார்த்து என்ன பண்ணப்போற?"

கணினி மேசை, அம்புக்குறிக்குப் பதிலாக ஆளுக்கொரு வண்ணக் கை கொடுத்திருந்தது. அண்ணனின் மஞ்சள் கை பலகைமேல் மெதுவாக ஊர்ந்து, ஓர் இடத்தில் நின்றது.

"இது அப்பா சட்டைப் பொத்தான்தானே?"

"அதேதான்!"

"ம்," என்றான் அண்ணன். அவன் அளவில் அது ஒரு சொற்பொழிவு. சுண்டுவுக்கு நம்பிக்கை வந்தது. அட்டைகளைக் கடல்மேல் பரப்பினான். ஒரே அலை, ஒரே நங்கூரம், பளிச்சென்று.

யாரும் எடுக்கவில்லை.

"இதுல எதை எடுக்கிறது?" என்றாள் அக்கா.

"எதை வேணும்னாலும் எடு. எல்லாம் ஒண்ணுதானே."

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு," என்றாள் அவள், விடைத்தாளில் வில்லங்கம் கண்டுபிடித்த குரலில்.

"பின்பக்கம் எங்கடா?" என்றான் அண்ணன்.

"இதான் பின்பக்கம்."

"இது பின்பக்கம் இல்ல."

"அட, சுத்தம் பண்ணியிருக்கேன். ஆடுங்க."

ஆடினார்கள். சுண்டு கைவைத்த முதல் அட்டை மூடுபனி. அடுத்தது கடற்கொள்ளை. அதற்கடுத்தது புயல். சரித்திரத்தில் கவிழாத கப்பல் இரண்டாவது துறைமுகத்தின் வாசலிலேயே கவிழ்ந்தது. தொடங்கிய இடத்துக்கு வந்து மறுபடி புறப்பட்டால் மறுபடி பனி. அண்ணன் பேசாமல் எடுத்தான், பேசாமல் நகர்த்தினான், மருந்து சாப்பிடுகிறவன் மாதிரி. தான் ஜெயித்ததை அக்காவே கவனிக்கவில்லை.

"சரி. நல்லா இருந்தது. எனக்கு டூட்டி இருக்கு," என்றான் அண்ணன். பல் பிடுங்கிக்கொண்டவர்கள் டாக்டருக்குச் சொல்லும் நன்றி அந்தத் தொனியில்தான் இருக்கும். அவன் பெட்டி இருண்டது.

சுண்டு உட்கார்ந்தே இருந்தான். "எனக்கு இன்னிக்கு நேரமே சரியில்ல, அக்கா. சின்ன வயசுல ஒரு தடவையாவது எனக்குப் புயல் வந்திருக்கா?"

நெற்றி குலுங்கியது. அக்கா சிரிக்கிறாள் என்பதை அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டான்.

"எப்படிடா வரும்? அதைத்தான் நாங்க முன்னாடியே எடுத்துடுவோமே."

"எப்படி எடுப்பீங்க? குப்புறத்தானே கிடக்கும்?"

"முதுகைப் பார்த்துத்தான். புயல் முதுகுல டீ கிளாஸ் வட்டம் இருக்கும். பனிக்கு மூலை மடிஞ்சிருக்கும். கடற்கொள்ளைல பல் தடம். உனக்கு நிஜமாவே தெரியாதா? அது உன் பல்லுடா! முளைக்கிறப்ப கடிச்சு வெச்சது."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"கரும்பலகையே தெரியாம ரெண்டு வகுப்பு தாண்டினவன் நீ. கண்ணாடி போட்டதுக்கப்புறம்தான் மரத்துல தனித்தனியா இலை இருக்குன்னே கண்டுபிடிச்ச. அந்த வயசுல எட்டிக் கிடக்கிற அட்டைல கறை எங்க தெரியப்போகுது? புயலை நாங்க எடுப்போம். எடுக்க முடியலன்னா உன் கை எட்டாத மூலைக்குத் தள்ளிவிடுவோம். யாரு எடுக்கிறதுன்னு எனக்கும் அண்ணனுக்கும் மேசைக்கடியில காலால சண்டை நடக்கும்."

"ஏன் அப்படி?"

"நீ தோத்தா அழுவ. நீ அழுதா அம்மா வந்து பலகையை மடிச்சு அலமாரி மேல போட்டுடுவாங்க. ஆட்டம் நடக்கணும்னா நீ ஜெயிச்சாகணும்."

சுண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அப்ப... பாசத்துல இல்லையா?"

"பாசமா? அட, ஆட்டம்டா!"

ஒரு மனிதனிடம் இருந்த ஒரே பட்டத்தை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள் அக்கா. சுண்டு சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அனுதாபத்தை எதிர்பார்த்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கல்யாணமானதிலிருந்து இந்தக் கப்பல் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சுபோச்சு. கடைசில உங்களை ஓட்டினது அவங்க ரெண்டு பேருமா?"

"சிரிக்காதே. மூச்சை இழுத்துப் பிடி," என்றான் சுண்டு கடுப்போடு. அவள் இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

இரண்டு நாள் ஆட்டப்பெட்டியைத் தொடவில்லை. ரோஷம். தொலையட்டும் என்று ஸ்கேனரைக்கூடத் திருப்பிக் கொடுக்க எடுத்துவைத்துவிட்டான். ஆனால் மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது, அந்தப் பல் தடம் நினைவுக்கு வந்தது. அண்ணனுடைய பெட்டி இருண்ட விதமும் நினைவுக்கு வந்தது. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அட்டைகளை எடுத்து, முதல்முறையாக முதுகு பார்த்துப் பரப்பினான்.

துடைத்துப் போடவேண்டியவை என்று அவன் ஒதுக்கிய அத்தனையும் அங்கே இருந்தன. பழுப்பு வட்டம். மை ஒழுகிய கோடு. சிவப்பாக ஒரு சொட்டு. மடிந்த மூலை. ஓரத்தில் வரிசையாக நான்கு குட்டிப் பள்ளங்கள். விரலால் தடவினால் இன்னும் தெரிந்தது. ஊர் ஊராகப் போனபோது லாரியிலிருந்து விழாமல் தப்பிய சாமான் இதுதான் என்று தோன்றியது. நிபுணர் அதைத்தான் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்.

மறுபடி வேலை தொடங்கியது. கணினி மேசைக்கு ஒரு கட்டுக்கு ஒரு முதுகுதான் தெரியும்; ஆகவே அட்டைக்கட்டைப் பிரித்து, ஒவ்வோர் அட்டையையும் முன்னும் பின்னும் தனித்தனிப் பொருளாக ஏற்ற வேண்டியிருந்தது. பள்ளங்கள் ஸ்கேனரின் வெளிச்சத்தில் காணாமல்போயின. கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து வேறாகப் படமெடுத்து, நிழல் விழவைத்து, அதைச் சேர்த்தான். வாழ்நாளெல்லாம் நிழலைத் துரத்தியவன், இப்போது கறைகள் நன்றாகத் தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசை அந்த வாரம் முழுவதும் கிடைக்காததால் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். கிளாஸ் வட்டம் இன்னும் கொஞ்சம் பழுப்பாக இருக்கலாம் என்று யோசனையும் சொன்னாள்.

சனிக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு வர்றியா?"

"இல்லடா. வேலை இருக்கு. அடுத்த மாசம் பார்க்கலாம்."

"பின்பக்கம் போட்டுட்டேன்."

அந்தப் பக்கத்தில் எங்கோ லிஃப்ட் மணி அடித்தது. "எல்லாத்துக்குமா?"

"என் பல் வரைக்கும்."

"...சரி. கொஞ்ச நேரம்தான். எனக்கு டூட்டி இருக்கு. ஒரே ஆட்டம், முடிஞ்சதும் எழுந்து போயிடுவேன்."

மறுநாள் சாயங்காலம் சுண்டு கடல்மேல் அட்டைகளைப் பரப்பினான். முதலில் அக்காவின் கேமரா கீழே இறங்கியது. கண் வந்தது, மூக்கு வந்தது. திரைக்குள்ளேயே வந்துவிடுகிறவள் மாதிரி குனிந்திருந்தாள்.

"அடேய்... அந்த வட்டம்!"

"அப்பா ஒரே ஒரு தடவ ஆட உட்கார்ந்தார்ல," என்றான் அண்ணன். "அன்னிக்கு வெச்ச கிளாஸ்."

"எங்க ஆடினார்? கிளாஸை வெச்சதும் தூங்கிட்டார். மாடிப்படிக்குக் கீழ ரூம் இருக்குமே, அந்த வீடு."

"அது இல்ல. குழாய் ராத்திரியெல்லாம் சொட்டுமே, அந்த வீடு."

"அந்தச் சிவப்பு என்ன?" என்றான் சுண்டு.

"நெயில் பாலிஷ்," என்றான் அண்ணன். "அம்மாவுக்குத் தெரியாம இவ பூசிக்கிட்டது."

"நான் ஒண்ணும் இல்ல. அது பக்கத்து வீட்டுப் பொண்ணு."

"அந்த வீட்டுக்குப் பக்கத்துல ஏது வீடு? மரக்கடைதானே இருந்தது. மரக்கடைக்காரர் பூசிக்கிட்டாரா?"

அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. ஓர் அட்டை எடுப்பதற்குள் இரண்டு வீடு வந்துபோனது. எந்த வீட்டில் ஜன்னலில் அணில் வரும், எந்த வீட்டில் மின்விசிறி சுற்றினால் முனகும், மாற்றல் உத்தரவு வந்த அன்று அம்மா எந்தப் பாத்திரத்தை முதலில் கட்டுவாள். அண்ணன் ஒரே மூச்சில் நான்கு வாக்கியம் பேசினான். சுண்டு எண்ணினான்.

அட்டைகள் தீர்ந்துகொண்டே வந்து, கடலில் மூன்றுதான் மிச்சம்: கிளாஸ் வட்டம், பல் தடம், நெயில் பாலிஷ். புயல், கொள்ளை, நல்ல காற்று. எல்லோருக்கும் தெரியும், இப்போது சுண்டுவுக்கும் தெரியும். அவன் கப்பலும் அண்ணன் கப்பலும் ஆறாவது துறைமுகத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முறை சுண்டுவுடையது. நெயில் பாலிஷை எடுத்தால் வீடு வந்து சேரலாம். கண் தெரிந்து, யாரும் தள்ளிவிடாமல், முதல்முறையாக நிஜமான சாம்பியன். திங்கட்கிழமை சென்டரில் போய்ச் சொல்லலாம்.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் அண்ணன் எழுந்துவிடுவான். அத்தனை வருடம் புயலாகவே எடுத்துக்கொண்டிருந்தவன். ஏழாவது துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் சுகத்தை அவன் பார்த்ததே இல்லை. ஒரு தடவை ஜெயித்துப் பார்த்தானானால், தானாக வந்து உட்காருவான். சுண்டுவின் கணக்கு அப்படி ஓடியது. அவனுடைய பச்சைக் கை நெயில் பாலிஷ்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்து போய்ப் புயலை எடுத்தது.

கப்பல் கவிழ்ந்தது.

"டேய்," என்றான் அண்ணன். "உனக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியுதே."

"தெரிஞ்சா எடுத்த?"

"எனக்குப் பிடிச்ச அட்டையை நான் எடுப்பேன். உன் முறை. எடு, ஜெயி."

அண்ணன் முகம் சிவந்தது திரையிலேயே தெரிந்தது. "நீ எனக்கு விட்டுக்கொடுக்கிறியா? நீயா? கால்சட்டை நழுவுறதுகூடத் தெரியாம நின்னவன், எனக்கு?" மஞ்சள் கை விருட்டென்று வந்தது. நெயில் பாலிஷைத் தாண்டியது. பல் தடத்தைக் கொத்திக்கொண்டு போனது. "இந்தா. போச்சு பாதிச் சரக்கு. இப்ப என்ன பண்ணுவ?"

"ஏய், அப்ப நல்ல காத்து எனக்கா?" என்று அலறினாள் அக்கா. "எனக்கு எதுக்குடா அது? என் கப்பல் ரெண்டாவது துறைமுகத்துல துருப்பிடிச்சுக் கிடக்கு!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மூன்று வீட்டிலும் ஒலிபெருக்கிகள் கரகரத்தன. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்துவிட்டு, கரண்டியோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

"கலைடா," என்றான் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாத்தையும் கலை. முதல்லேர்ந்து. இந்தத் தடவ எவனாவது எவனுக்காவது விட்டுக்கொடுத்தான்னா தெரியும் சேதி."

"உனக்கு டூட்டி?"

"லிஃப்ட்டுதானேடா? எங்க போயிடப்போகுது, மேலயும் கீழயும்தானே போகும்? நீ கலை."

சுண்டு கலைத்தான். பச்சையும் மஞ்சளும் அக்காவின் ஊதாவும் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு கடல்மேல் அட்டைகளைப் பரப்பின.

"சின்னவன் முதல்ல ஆடட்டும்," என்றாள் அக்கா.

"அது ஏன் எப்பவும் அவன்?" என்றான் அண்ணன். "இத்தனை வருஷமா இதைக் கேட்கணும்னு இருந்தேன். ஏன் எப்பவும் அவன்?"